தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்

ஒரு காட்டில், தார்ச்சாலை வந்து சேர்ந்த பிறகு, ஒரு கீரித் தம்பதி வாழ்ந்தது. கணவன் பெயர் செங்கோடன். மனைவி குணவதி வன அலுவலகத்தில் இளநிலை உதவியாளர்.

ஒரு நாள் குணவதிக்கு மாறுதல் உத்தரவு வந்தது. அடுத்த திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் மலைக்கு அந்தப் பக்கத்து அலுவலகத்தில் பணியில் சேர வேண்டும். அங்கே கண்காணிப்பாளர் ஒரு கழுகு. பத்து அடித்ததும் வருகைப் பதிவேட்டைக் காலில் இடுக்கிக்கொண்டு மர உச்சிக்குப் பறந்துவிடும். கையெழுத்துப் போடாதவர்கள் பணியில் சேராதவர்கள். சேராதவர்களை ஆற்று நடுத்திட்டுக்கு மாற்றுவார்கள். அங்கே வேலை பார்த்த யாரும் இதுவரை ஓய்வூதியம் வாங்கியதில்லை. முதலைகள் அதிகம்.

மலைக்குப் போகும் ஒரே பேருந்து பதினொன்றரைக்குப் போய்ச் சேரும். வீட்டிலிருந்த ஸ்கூட்டர் மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் நின்றுவிட்டது. ஒத்திகை பார்க்கப் போன இருவரும் அதைத் தள்ளிக்கொண்டு இறங்கினார்கள்.

"ஒரு சின்ன கார் வாங்கிடலாம்," என்றது செங்கோடன். "கையில மூணு லட்சம் இருக்கு. புதுசு ஆறு சொல்றான். புதுசு மாதிரி இருக்கிற பழசாப் பாப்போம்."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள பாருங்க," என்றது குணவதி. "எனக்கு முதலைன்னா ஆகாது."

புதன்கிழமை நரியின் பழைய கார் நிலையத்துக்குப் போனார்கள். பன்னிரண்டு கார்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் பேனட்டிலும் ஒரு செவ்வந்தி மாலை. நரி இரண்டு நாற்காலிகளைத் துடைத்துப் போட்டது.

"வாங்க சார், வாங்க மேடம். இந்த சிவப்பு வண்டியைப் பாருங்க. டாக்டர் ஓட்டின வண்டி. ஒரே ஓனர்."

"அந்த நீலம்?"

"அதுவும் டாக்டர் ஓட்டினதுதான்."

"பன்னெண்டும் டாக்டர் வண்டியா?"

"ஆமா சார்."

"இந்தக் காட்டுல இருக்கிறதே ஒரு டாக்டர்தானே? ஆந்தை டாக்டர்."

"அவரேதான். ராத்திரி மட்டும்தான் ஓட்டுவார். அதனாலதான் வெயில் படாம பெயின்ட் அப்படியே இருக்கு."

குணவதி ஒவ்வொரு காராக எட்டிப் பார்த்தது. எல்லா மீட்டரிலும் நாற்பத்திரண்டாயிரத்தைச் சுற்றியே கிலோமீட்டர் இருந்தது.

"ஏங்க, எல்லாம் ஒரே மாதிரி ஓடியிருக்கே?"

"அதுக்கு மேல இருந்தா வாங்க யோசிக்கிறாங்க மேடம்," என்றது நரி, மறைக்காமல்.

சிவப்பு வண்டியைக் கிளப்பியதும் பின்னாலிருந்து வந்த புகையில் நரி சற்று நேரம் தெரியவில்லை. புகைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது: "மூணே முக்கால், கடைசி விலை."

வியாழக்கிழமை டீக்கடைச் சுவரில் குணவதி ஒரு துண்டுச்சீட்டைப் பார்த்தது. 'வெள்ளை நிறச் சிறிய கார். வயது ஒன்றரை. ஓடியது 912 கிலோமீட்டர். விலை இரண்டே முக்கால் லட்சம். குறை எதுவும் இல்லை. அணுகவும்: தெய்வநாயகம், ஆமை, குளத்தங்கரை.'

வண்டி தெரிந்த ஆள் இல்லாமல் வண்டி பார்க்கப் போகக் கூடாது என்பதால் மெக்கானிக் மரங்கொத்தியை அழைத்துக்கொண்டு போனார்கள்.

தெய்வநாயகம் தந்தி ஆபீஸில் முப்பத்தெட்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றது. வாசலுக்கு வர நேரமானது. அதற்குள் மரங்கொத்தி காரை இரண்டு முறை சுற்றி வந்துவிட்டது. கார் பளபளவென்றிருந்தது. சீட்டின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை.

"எதுக்குய்யா விக்கிறீங்க?" என்றது செங்கோடன்.

"நடந்து போனாலும் அதே நேரம்தான் தம்பி ஆகுது."

"ஒன்றரை வருஷத்துல தொள்ளாயிரம் கிலோமீட்டர்தானா?"

"தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு. ரெண்டாவது கியர் நல்லா இருக்கும். மத்ததைப் பத்தி எனக்குத் தெரியாது. போட்டதில்லை."

"எங்கேயாவது இடிச்சிருக்கீங்களா?"

"இடிக்கிற வேகத்துக்குப் போனதில்லை."

மரங்கொத்தி கதவைத் தட்டிப் பார்த்தது. அடிபட்டதை மறைக்கப் பட்டி பூசிய இடத்தில் சத்தம் மாறும் என்பது தொழில் ரகசியம். டொக், டொக், டொக். பழக்க தோஷத்தில் கொஞ்சம் பலமாகவே தட்டியது. பிறகு செங்கோடனை ஓரமாக அழைத்துப் போயிற்று.

"தம்பி, அடிபட்ட வண்டி. இடது கதவுல மூணு பள்ளம் இருக்கு."

"நாம வரும்போது இல்லையேண்ணே?"

"மறைச்சு வெச்சிருந்தாங்க. நான் தட்டின பிறகுதான் வெளிய வந்துச்சு. அதை விடு. மீட்டரைப் பாரு. தொள்ளாயிரமாம். எவனாவது நாலு பேர் நம்பற மாதிரியாவது சுத்தி வைக்க மாட்டானா?"

செங்கோடன் திரும்பி வந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டது.

"அய்யா, நமக்குள்ள இருக்கட்டும். நிஜமா எவ்வளவு ஓடியிருக்கு?"

"தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு."

"ஒரு குறையாவது சொல்லுங்கய்யா. மனசுக்குத் தெம்பா இருக்கும்."

தெய்வநாயகம் யோசித்தது. நிழல் ஒரு முழம் நகர்ந்தது.

"ஒண்ணும் தோணலையே தம்பி," என்றது.

திரும்பும் வழியில் குணவதிக்கு மனம் ஆறவில்லை. "அவரைப் பாத்தா பொய் சொல்றவர் மாதிரி தெரியலைங்க."

"அதைத்தான் நானும் சொல்றேன். பொய் சொல்றவன் கொஞ்சமாவது முன்னப்பின்ன பேசுவான். இந்த ஆள் கேட்ட ரெண்டு தடவையும் சீட்டுல இருந்த அதே நம்பரைச் சொல்றாரு. பாடம் பண்ணி வெச்சிருக்காரு."

"இன்னிக்கு வியாழன்," என்றது குணவதி.

அந்த வாரத்தில் அந்தக் காரைப் பார்க்க வந்து திரும்பிப் போனவர்களில் இவர்கள் பதினோராவது. வெள்ளிக்கிழமை காலை நரி வந்தது. காரைச் சுற்றிப் பார்த்தது, மீட்டரைப் பார்த்தது, தெய்வநாயகத்தின் முகத்தைப் பார்த்தது. நாற்பது வருட வியாபாரத்தில் முதல்முறையாக அதன் கண் கலங்கியது.

"இது அத்தனையும் நிஜமா பெரியவரே?"

"ஆமாப்பா."

"நிஜத்தை வெச்சுக்கிட்டு எப்படி விப்பீங்க?"

இரண்டு லட்சத்துக்கு முடித்து ஓட்டிக்கொண்டு போயிற்று. நிலையத்தில் மீட்டர் வேலை பார்க்கும் எலி காருக்குள் தலையை விட்டது. உடனே வெளியே எடுத்தது.

"முதலாளி, இதுக்குக் கீழே குறைச்சா பூஜ்யம்தான் வரும்."

"குறைக்கச் சொல்லலை. ஏத்து."

"ஏத்தணுமா? முன்னால சுத்திப் பழக்கமில்லையே."

"பழகிக்க. நாற்பத்தோராயிரத்து எண்ணூறுல நிறுத்து. சீட் உறையைக் கிழிச்சு எடு. பிரேக் பெடலை உப்புத்தாளால தேய். பின்சீட்டுல கொஞ்சம் டீ கொட்டு. குடும்பம் ஓட்டின வண்டி மாதிரி இருக்கணும்."

"கதவுல மூணு பள்ளம் இருக்கு முதலாளி."

"அது இருக்கட்டும். அழகா இருக்கு."

ஞாயிற்றுக்கிழமைக்குள் கீரிகள் வேறு ஏழு கார்களைப் பார்த்திருந்தார்கள். ஒன்றுக்குப் பின்கதவு இல்லை. ஒன்றின் மேல் வழக்கு இருந்தது. மாலையில் வேறு வழியில்லாமல் மறுபடி நரியிடம் வந்தார்கள். மரங்கொத்தியும் வந்தது.

வெள்ளைக் காரைப் பார்த்ததும் குணவதி நின்றது. "ஏங்க, இது அந்த ஆமை வண்டிதானே? நம்பரும் அதே."

நரி மறைக்கவில்லை. "அதேதான் மேடம். பாவம், வயசான காலத்துல யார் பேச்சையோ கேட்டு மீட்டரை மாத்தி வெச்சிருந்தாரு. நாங்க கழட்டிப் பார்த்து உண்மையான ஓட்டத்தை வெளிய கொண்டு வந்தோம். இந்தாங்க: நாற்பத்தோராயிரத்து எண்ணூறு. எங்க கடையில மறைக்கிற பழக்கம் கிடையாது."

செங்கோடன் மனைவியைப் பார்த்த பார்வையில் பதினான்கு வருட இல்லறத்தின் அத்தனை தோல்விகளுக்கும் வட்டி இருந்தது. "நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா?"

மரங்கொத்தி பெடலைத் தடவிப் பார்த்தது. "தேய்மானம் மீட்டரோட பொருந்துது." டீக்கறையை முகர்ந்தது. "குழந்தைங்க இருந்த வீடு." கதவின் மூன்று பள்ளங்களையும் பரிவோடு பார்த்தது. "சின்ன அடி. இந்த வயசு வண்டிக்கு இதுகூட இல்லைன்னாத்தான் சந்தேகப்படணும். நம்பி எடு தம்பி."

மூன்று லட்சத்துக்கு முடிந்தது. நரி எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்தது.

திங்கட்கிழமை எட்டரைக்கே குணவதி கிளம்பிவிட்டது. கார் ஏழு கொண்டை ஊசி வளைவுகளையும் முனகாமல் ஏறியது. இவ்வளவு ஓடிய வண்டி இப்படி ஏறுவது அதற்கு ஆச்சரியமாக இருந்தது. மலையிறக்கத்தில், அலுவலகத்துக்கு ஒரு மைல் முன்னால், சாலையோரமாகத் தெய்வநாயகம் நடந்து போய்க்கொண்டிருந்தது. கார் விற்ற பணத்தை மலைக்கு அந்தப் பக்கத்து வங்கியில் போட வெள்ளிக்கிழமை கிளம்பியிருந்தது.

குணவதி காரை நிறுத்தியது. ஒன்பது நாற்பத்தைந்து. ஆனாலும் கேட்காமல் போக முடியவில்லை.

"ஏன் பெரியவரே, இந்த வயசுல பொய் சொல்லலாமா? உங்களை நம்பியிருந்தா எங்க குடும்பம் என்ன ஆகியிருக்கும்?"

தெய்வநாயகம் கழுத்தை நீட்டி மீட்டரைப் பார்த்தது. பிறகு கதவின் பள்ளங்களை. பிறகு குணவதி மடியிலிருந்த மாறுதல் உத்தரவை. தந்தி ஆபீஸில் இருந்தது அல்லவா, தலைகீழாகவும் படிக்க வரும். பத்து மணி என்று இருந்தது. உண்மையைச் சொன்னால் பத்து மணிக்குள் முடியாது.

"தப்புதாம்மா," என்றது. "நெறைய ஓட்டிட்டேன்."

குணவதிக்கு நெஞ்சு லேசாயிற்று. "எங்கெல்லாம் போனீங்க?"

"கடல் வரைக்கும். மூணு தடவை."

"அய்யோ, கடலா? எப்படி இருக்கும்?"

தெய்வநாயகம் குளத்தைத் தவிர வேறு தண்ணீரைப் பார்த்ததில்லை.

"பெரிசா இருக்கும்மா," என்றது. "இக்கரையில இருந்து பாத்தா அக்கரையில துணி துவைக்கிறவங்க முகம் சரியாத் தெரியாது."

குணவதி முன்கதவைத் திறந்துவிட்டது. "ஏறுங்க. இப்பத்தான் உங்க முகத்துல உண்மை தெரியுது."

தெய்வநாயகம் ஏற ஆரம்பித்தது. முன்கால் ஏறியபோது ஒன்பது ஐம்பது. ஓடு ஏறியபோது ஒன்பது ஐம்பத்தாறு. குணவதி இறங்கிப் பின்னாலிருந்து தள்ளியது. அலுவலக வாசலில் கார் நின்றபோது கழுகு பதிவேட்டோடு மர உச்சியில் உட்கார்ந்து, சேராதவர் என்று எழுதி, மையை ஊதிக் காயவைத்துக்கொண்டிருந்தது.

நீதி: பொய்யை ஒப்புக்கொண்டவர்களை மன்னிக்கலாம், வண்டியில் ஏற்றக் கூடாது.