எதைத் தட்டினாலும் கல்யாண மண்டபம்

காலையில் எழுந்தான். பல் தேய்த்தான். பாலைக் காய்ச்சி இரண்டு கோப்பை காபி கலந்தான். ஒன்றை மனைவியிடம் நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டாள். ஒரு வாரமாக இப்படித்தான்.

"இன்னிக்கு அந்தப் பழைய சர்வரைத் தலைமுழுகிடறேன். ஆறு மணிக்கு மேல லேப்டாப்பைத் தொட மாட்டேன்."

"ம்."

போன மாதமும் இதையேதான் சொல்லியிருந்தான். அதற்கு முந்தைய மாதமும். அப்போதெல்லாம் பதிலுக்கு ஒரு சண்டையாவது கிடைத்தது. இந்த "ம்" புதிது. கொஞ்சம் பயமாக இருந்தது.

நாலைந்து பேரின் வலைத்தளங்களை வீட்டிலிருந்தபடியே பார்த்துக்கொள்வது அவன் தொழில். எல்லாம் ஒரே கிழட்டு சர்வரில் குடியிருந்தன. அது சாப்பாட்டு நேரத்தில் படுக்கும்; சினிமாவின் நடுவில் படுக்கும். போன வாரம் கல்யாண நாள். ஹோட்டலில் போய் உட்கார்ந்ததும் படுத்தது. மனைவியை மெனு கார்டோடு விட்டுவிட்டு ஓடிவந்தான்.

இன்று எல்லாவற்றையும் புதிய சர்வருக்குக் குடிமாற்றினான். பல் டாக்டரின் தளம் வெறும் வெள்ளையாக நின்றது. அது அரதப் பழசு. புது சர்வரின் பாஷை அதற்குப் புரியவில்லை. பழைய மென்பொருளையும் பக்கத்திலேயே நிறுவினான். பல் டாக்டர் பிழைத்தார். கல்யாண மண்டபத்தின் படங்கள் காணாமல் போயின. அதற்காக ஒரு வரியைத் திருத்தினான். படங்கள் வந்தன. எல்லாருடைய தளத்திலும் வந்தன. எந்த முகவரியைத் தட்டினாலும் மண்டபம்தான்.

முதல் போன் பல் டாக்டர்.

"தம்பி, ஐநூறு பேர் உட்கார இடம் இருக்கான்னு ஒருத்தர் கேக்கறார். எங்கிட்ட இருக்கறது ஒரே நாற்காலி. அதுலயும் படுக்கத்தான் முடியும்."

"பத்து நிமிஷம் டாக்டர்."

அடுத்தது வக்கீலம்மா. விவாகரத்து வழக்குகளில் பேர்போனவர்.

"ஏம்ப்பா, நான் பிரிச்சு வைக்கிறவ. என் பக்கத்தைத் திறந்தா மாப்பிள்ளையும் பொண்ணும் இளிச்சுக்கிட்டு நிக்கறாங்க. போன் நம்பர் கூட மண்டபத்தோடது. நான் கடையை மூடணுமா?"

"பத்தே நிமிஷம் மேடம்."

பதற்றத்தில் இன்னொரு வரியில் கை வைத்தான். டாக்டரின் தளம் மண்டபத்தின் முகவரியில் போய் உட்கார்ந்துகொண்டது.

"என் மண்டபத்தைத் தேடினா எவனோ வாயைப் பொளந்துக்கிட்டு இருக்கான்!" மண்டபக்காரர் கத்தினார். "கீழ 'பயப்படாதீர்கள், ஒரே ஊசிதான்'னு வேற போட்டிருக்கு. இதைப் பார்த்துட்டு எவன்யா கல்யாணம் பண்ணிக்குவான்?"

அவன் போனை அணைத்தான். முகம் கழுவினான். எல்லாத் திருத்தத்தையும் அழித்துவிட்டு, முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தான். டாக்டர் தன் நாற்காலிக்குத் திரும்பினார். மண்டபம் வாயை மூடியது. மற்றவையும் வரிசையாக வீடு வந்து சேர்ந்தன. வக்கீலம்மா மட்டும் பாக்கி.

மணி ஆறு.

பத்து நிமிட வேலைதான். விரல்கள் துடித்தன. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை அவனுக்கு நன்றாகத் தெரியும். அது எந்த நாளும் நடுராத்திரிக்கு முன் முடிந்ததில்லை.

லேப்டாப்பை மூடினான்.

அந்தச் சத்தத்தில் மனைவி வந்து வாசற்படியில் நின்றாள். மூடிய லேப்டாப்பையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"முடிஞ்சுதா?"

"இல்ல. ஒண்ணு பாக்கி. காலைல பாத்துக்கலாம்."

"யாரோடது?"

"அந்த விவாகரத்து வக்கீலம்மாவோடது. இன்னும் கல்யாண மண்டபம்தான் வருது. பாவம், அவங்களைத் தேடறவங்க என்ன பாடுபடறாங்களோ."

அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு சிரித்தாள்.

"மெதுவாவே சரி பண்ணுங்க. காலைலேர்ந்து அந்தம்மா நம்பரைத் தேடிக்கிட்டிருந்தது நான்தான்."