தேரடியில் ஒரு கூழ்ப்பானை

பத்திரிகையில் பக்கம் முடிப்பவர்களுக்கு ஒரு தொழில் நோய் உண்டு. அச்சுக்குப் போன செய்தி எங்களைப் பொறுத்தவரை நடந்து முடிந்த செய்தி. நாளைக்குக் கனமழை என்று இன்றைக்குத் தலைப்புப் போட்டவன், நாளைக்குக் குடையில்லாமல் வீதிக்கு வருவான். (மழைதான் மூன்றாம் பக்கத்தில் பெய்து முடிந்துவிட்டதே!) என் மனைவி சுகந்தி இதை நோய் என்று ஒப்புக்கொள்வதில்லை. "விசர்" என்கிறாள், பைத்தியம் என்று. அவள் அப்படிச் சொல்வதற்கு ஒரு புதன்கிழமை காரணம்.

அப்போது எங்களுக்குக் கலியாணமாகி ஐந்து மாதம். கொக்குவிலில் ஒரு வீட்டின் பாதியை வாடகைக்கு எடுத்திருந்தோம். அந்த ஐந்து மாதத்தில் நாங்கள் சோடியாகப் போய்வந்த இடங்களின் விபரம்: உறவினர் வீட்டு விருந்து பதினொன்று, கோயில் நான்கு, பல் வைத்தியர் ஒன்று. சுகந்தி வடக்குக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள். நகை கேட்கவில்லை, சேலை கேட்கவில்லை.

"ஒரேயொரு நாள், ஒடியற்கூழ் காய்ச்சிக்கொண்டு காங்கேசன்துறைக் கடற்கரைக்குப் போய்க் குடிக்கவேணும். நீங்களும் நானும் மட்டும். விருந்துக்கு வந்த ஆக்கள் மாதிரி இல்லாமல்" என்றாள்.

கேட்டது சின்ன விஷயம். ஆனால் பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் அந்தக் கூழ் என்றால் நண்டு, இறால், மீன் எல்லாம் உள்ளே கிடக்கும். அங்கேதான் என்னுடைய கோழைத்தனம் கதைக்குள் வருகிறது.

எங்கள் கலியாணத்தை முன்னின்று நடத்தியவர்கள் இணுவிலில் இருக்கும் என் பெரியப்பாவும் பெரியம்மாவும். அவர்கள் வீட்டு வாசலை ஒரு கோழிமுட்டைகூடத் தாண்டியதில்லை. பெரியப்பா கொழும்பிலே கந்தோர் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர். ஊர்க்கோயில் ஒன்றின் பரிபாலன சபையில் இருக்கிறார். கலியாணம் முடிந்த மூன்றாம் நாள் பெரியம்மா சுகந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"பிள்ளை, நீ கடற்கரைப் பிள்ளை. நீ சாப்பிடு, நான் தடுக்கேல்லை. எங்கடை பெடியன் பிறந்ததிலையிருந்து மச்சம் மாமிசம் தொட்டு அறியான். அவனுக்குப் பழக்கிப்போடாதை, என்ன?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்தத் தேதியில் நான் கந்தோருக்குப் பின்னாலுள்ள சாப்பாட்டுக் கடையில் மீன்குழம்பு சாப்பிட ஆரம்பித்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். சொல்லாமல், சுழலாத மின்விசிறியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். சுகந்தி என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, "ஓம் மாமி" என்றாள். அதாவது, என்றைக்காவது குட்டு உடைந்தால் பழி முழுவதும் அவள் தலையில். எட்டு வருஷ மீனும் அவள் ஊட்டிய மீனாகிவிடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, "நாளைக்கு நீர் லீவு எடும்" என்றார். ஏன் என்று கேட்டால் மனம் மாறிவிடுவார் என்பதால் கேட்கவில்லை. அன்றைக்கு நான் முடித்த பக்கத்தின் மூலையில் ஒரு சிறு செய்தி இருந்தது. பெரியப்பாவின் கோயிலில் புதன்கிழமை தேர். பூசை நேரம், தேர் வெளிவரும் நேரம், அன்னதான விபரம் எல்லாவற்றையும் நானே சரிபார்த்தேன். பக்கம் போனது. தேரும் போய்விட்டதாக மூளை பதிந்து வைத்துக்கொண்டது; சுகந்தி கேட்டபோதும் தேர் முடிந்தது என்றேன். இத்தனைக்கும், திருவிழாக் கொடியேறிய அன்றைக்கே பெரியப்பா தொலைபேசியில் கூப்பிட்டு, "தேர் அண்டைக்கெண்டாலும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா" என்று சொல்லியிருந்தார். "லீவு எடுக்கேலாது பெரியப்பா" என்று நானும் கவலையான குரலில் சொல்லியிருந்தேன்.

புதன்கிழமை விடிய சுகந்தி கூழ் காய்ச்சினாள். வாசனை மதில் தாண்டி முன்வீட்டுப் பூனைகளைக் கூட்டி வந்தது. பானை வாயை வாட்டிய வாழையிலையால் மூடி, அதற்கு மேல் கட்டத் துணி தேடினாள். கைக்குக் கிடைத்தது என்னுடைய கலியாணச் சால்வை. வெள்ளைப் பட்டு, தங்கக் கரை. "தோய்ச்சால் போச்சு" என்றாள். முதல் பயணம் என்பதால் மஞ்சள் சேலை கட்டித் தலைக்கு மல்லிகைச் சரமும் வைத்துக்கொண்டாள். நான் வெள்ளைச் சேட்டு. மோட்டார் சைக்கிளில் அவள் மடியில் பட்டுக் கட்டிய பானை. இந்தப் படத்துக்கு என்ன விளக்கவுரை எழுதலாம் என்று யாரைக் கேட்டிருந்தாலும், கோயிலுக்குப் போகிற சோடி என்று ஒரே விடைதான் வந்திருக்கும். பானைக்குள்ளே நண்டு என்று ஒருவரும் எழுதியிருக்கமாட்டார்கள்.

இணுவில் வந்ததும், "பெரிய றோட்டாலை போவம். ஒழுங்கை குண்டும் குழியும்" என்றாள்.

"றோட்டிலை பஸ்காரன் உரசிக்கொண்டு போவான், கூழ் தளும்பும். இது நான் பிறந்த ஊர். எனக்குத் தெரியாத ஒழுங்கையோ?"

ஒழுங்கை எனக்குத் தெரிந்துதான் இருந்தது. இரண்டாவது வளைவில் திரும்பினேன். எதிரே தேர் நின்றது.

பிரேக் போட்டேன். பின்னால் திரும்பினால் அதற்குள் நூறு பேர். முன்னால் வடம் பிடித்தபடி இருநூறு பேர். மேளம், நாதஸ்வரம், அரோகரா. என் காதுக்குப் பக்கத்தில் சுகந்தியின் குரல் மிக மெதுவாகக் கேட்டது.

"தேர் முடிஞ்சுதெண்டு சொன்னியள்."

"முடிஞ்சுதெண்டுதான் போட்டனான்."

"எங்கை போட்டனியள்?"

அதற்கு நான் பதில் சொல்லுமுன், இடுப்பில் சிவப்புத் துண்டு கட்டிய தொண்டர் ஒருவர் விசிலோடு வந்துவிட்டார். பானையைப் பார்த்தார். பட்டைப் பார்த்தார். கைகூப்பினார்.

"அன்னதானத்துக்கோ அண்ணை? இவ்வளவு பிந்தியே கொண்டுவாறது?"

"இல்லைத் தம்பி, நாங்கள் வந்து…"

விசில் ஊதினார். "வழி விடுங்கோ! அன்னதானச் சாமான் வருது, வழி விடுங்கோ!"

சனம் விலகியது. செருப்பைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினோம். மோட்டார் சைக்கிளை யாரோ உருட்டிக்கொண்டு போனார்கள். சுகந்தி பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். வழியில் ஒரு அம்மா பானைக்கு மேல் ஒரு செவ்வரத்தம்பூவை வைத்துக் கும்பிட்டார். இன்னொருவர் கொஞ்சம் சந்தனம் தடவினார். நான் பின்னால் ஹெல்மெற்றைக் கழற்ற மறந்தபடி போய்க்கொண்டிருந்தேன். எங்கும் கற்பூரமும் சாம்பிராணியும் புகைந்தபடி இருந்ததால் பானையின் மணம் வெளியே தெரியவில்லை. அந்தப் புகைக்கு நான் இன்றைக்கும் நன்றி உள்ளவன்.

மடத்தின் பின்பக்கம் சமையல். ஒரு ஆள் குளிக்கக்கூடிய அளவு கிடாரம் ஒன்றில் ரசம். பக்கத்தில் அகப்பையோடு தலைமைச் சமையற்காரர்.

"உதென்ன பிள்ளை, ரசமோ? நல்ல நேரம் வந்தியள். இஞ்சை முடியப்போகுது. கொண்டாங்கோ, உதுக்குள்ளையே ஊத்துவம்."

கையை நீட்டினார். நான் எழுதுகிறவன், சொற்களால் பிழைக்கிறவன். ஊர் முழுக்க விரதமிருக்கும் நாளில், சாமிக்கு முன்னால், அவ்வளவு சனத்தின் ரசத்துக்குள் எங்கள் நண்டு விழப்போகிறது. நான் செய்தது, வாயைத் திறந்து மூடியது மட்டும்.

சுகந்தி பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "இது ரசமில்லை அண்ணை. கஞ்சி!"

"கஞ்சியோ? வெய்யிலுக்குத் திறம். அப்ப தண்ணிப் பந்தலுக்குக் குடுப்பம்" என்று அவர் சால்வை முடிச்சில் கையை வைத்தார்.

"தம்பி!"

திரும்பினேன். பெரியப்பா. வெற்றுமேல், விபூதி, இடுப்பில் பட்டு. அவருக்குப் பின்னால் வாழையிலைக் கட்டோடு பெரியம்மா.

"லீவு எடுக்கேலாதெண்டு சொன்னனி?"

சமையற்காரர் முறைப்பாடு சொன்னார்: "ஐயா, கஞ்சி கொண்டுவந்திட்டுத் தரமாட்டம் எண்டு நிக்கினம்."

பெரியப்பா பானைக்குக் கிட்ட வந்தார். சால்வையை ஒரு பக்கம் தளர்த்தி, ஒரு விரலால் வாழையிலையை ஓர் அங்குலம் தூக்கி உள்ளே பார்த்தார். அவருடைய முகத்தை நான் மிகக் கூர்ந்து கவனித்தேன். ஒரு தசையும் அசையவில்லை. இலையை மூடினார். சுகந்தியின் பக்கம் குனிந்து, எனக்கும் அவளுக்கும் மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"பிள்ளை, நண்டுக்கால் ஒண்டு வெளியாலை நீட்டிக்கொண்டு நிக்குது. உள்ளை தள்ளு."

பிறகு நிமிர்ந்து, கூட்டத்துக்குக் கேட்கும் குரலில்:

"இது அன்னதானத்துக்கில்லை. மருந்துக் கஞ்சி. தெல்லிப்பழை ஆஸ்பத்திரியிலை இவையின்ரை ஆள் ஒருத்தர் கிடக்கிறார். ஆறமுதல் கொண்டுபோகவேணும். பாதையை விடுங்கோ!"

பெரியம்மா கிட்ட வந்தார். "ஆரப்பா ஆஸ்பத்திரியிலை?"

"இவனோடை கந்தோரிலை வேலை செய்யிற பெடியன். பாக்க ஆளில்லை."

"ஐயோ, என்ன வருத்தம்?"

"கால்" என்றேன் நான். "வயிறு" என்றாள் சுகந்தி, அதே கணத்தில்.

பெரியப்பா எங்கள் இருவரையும் இரக்கத்தோடு பார்த்தார். "காலிலை தொடங்கி வயித்துக்கு ஏறியிட்டுதாம்" என்றார்.

பெரியம்மா பானையையும் பெரியப்பாவையும் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்றவர்களிடம் திரும்பினார். "பாத்தியளே? தேரும் பாக்காமல் ஆரோ ஒரு பெடியனுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு போறாள். எங்கடை மருமகள்!"

விசில்காரர் மோட்டார் சைக்கிளையும் செருப்பையும் தேடித் தந்து, பெரிய றோட்டு வரைக்கும் விசில் ஊதிக்கொண்டே கூட்டிக்கொண்டு வந்தார். "கெதியாப் போங்கோ அண்ணை, அந்தப் பெடியன் சுகமாக வேணும்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. என்னுடைய வாழ்க்கையில் நான் மிகவும் வெட்கப்பட்ட இடம் அதுதான்.

சுன்னாகம் தாண்டி, மல்லாகம் தாண்டி, சுகந்தி பானையை மட்டும்தான் பிடித்துக்கொண்டிருந்தாள், என்னை இல்லை. பயணம் முடிந்தது, கலியாணமும் ஏறக்குறைய முடிந்தது என்று நினைத்தபடி ஓட்டினேன். தெல்லிப்பழை ஆஸ்பத்திரி வாசல் வந்தது. அவளுடைய நெற்றி என் முதுகில் முட்டியது. அழுகிறாளாக்கும் என்று வேகத்தைக் குறைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். பானை தளும்பத் தளும்பச் சிரித்தாள்.

"இஞ்சாருங்கோ, இதிலை நிப்பாட்டுங்கோ. பெடியனை ஒருக்கா எட்டிப் பாத்திட்டுப் போவம்."

கடற்கரையில் அன்று காற்று அதிகம் இல்லை. ஒரு கல்லில் பானையை வைத்தோம். பூவும் சந்தனமும் அப்படியே இருந்தன. கூழ் ஆறித் தடித்துப் போயிருந்தது. ஓலையில் மடித்த பிளாவில் ஊற்றித் தந்தாள். புளியும் மிளகாயும் ஒன்றாக ஏறி மூக்கில் நீர் வடிந்தது. பலாக்கொட்டை மாவாகக் கரைந்தது. நண்டுக்காலை அவள் கடித்து உடைத்து, சதையை என் பிளாவில் போட்டாள். விருந்துகளில் பதினொரு வீட்டுக்காரர் கேட்ட "இன்னும் கொஞ்சம் போடட்டோ?" அங்கே இல்லை. கேட்க ஆளில்லாததால் பானை முழுவதையும் குடித்தோம்.

"அந்த மூண்டாம் நாள் நீங்கள் வாய் திறந்திருக்கலாம்" என்றாள், கடலைப் பார்த்துக்கொண்டு.

"ஓம்" என்றேன். அன்று நான் சொன்ன ஒரே உண்மை அது.

அதற்குப் பிறகு நடந்ததை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. சொந்தத்தில் சுகந்தியின் பெயர் கொடிகட்டிப் பறந்தது. எங்கே போனாலும் "ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோன பிள்ளை" என்று கதிரை எடுத்துப் போட்டார்கள். அதோடு, மாதம் ஒருதரம் பெரியம்மா வீட்டிலிருந்து ஒரு பை வரும். "நோயாளிக்குக் கஞ்சி காய்ச்ச" என்று சொல்லி அனுப்புவார். பையில் அவர்கள் வளவுப் பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலை. நாங்கள் வேறென்ன செய்வது? கூழுக்குள் போட்டோம். முன்னுக்குப் பின் முரண் வரக்கூடாது என்பதற்காக நோயாளியின் நிலவரத்தை ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். கால் தேறியது. வயிறு மோசம். பிறகு வயிறு தேறிக் கால் மோசம்.

ஒரு வருஷம் சுகந்தி பொறுத்தாள். பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு இணுவிலுக்குப் போனாள்.

"மாமி, நாங்கள் உங்களுக்கு ஒரு பொய்…"

பெரியம்மா பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"பிள்ளை, மருந்துக் கஞ்சிக்கு ஆரேன் பலாக்கொட்டை போடுவினமோ?"

நான் மாதாமாதம் அந்தப் பையை அவிழ்த்தவன். உள்ளே இருந்தது கூழுக்கான மரக்கறி என்பதைக் கவனிக்கவே இல்லை. (பத்திரிகைக் கண்!)

"தேர் அண்டைக்கே தெரியும்" என்றார் பெரியம்மா. "இவரின்ரை விரல் மணந்தது. முப்பத்தொரு வருசம் கொழும்பிலையிருந்து லீவிலை வந்த மனிசனை மணந்து பாத்துத்தான் வீட்டுக்குள்ளை விட்டனான். எனக்கு நண்டு தெரியாதோ?"

"அப்ப ஏன் மாமி ஒண்டும் கேக்கேல்லை?"

"உன்னிலை பழி விழக்கூடாதெண்டு தேரடியிலை நிண்டு பொய் சொல்லிப்போட்டுது அந்த மனிசன். நான் அதைக் கெடுக்கிறதே?" பிறகு என் பக்கம் திரும்பினார். "உவன் எப்ப தொடக்கம் சாப்பிடுறவன்?"

இந்த முறை நான் பதிலைச் சுகந்திக்கு விடவில்லை. "கலியாணத்துக்கு முதல் எட்டு வருசம், பெரியம்மா. இவ பழக்கேல்லை."

பெரியம்மா என்னைப் பார்த்த பார்வையை விபரிக்க இந்தப் பக்கத்தில் இடம் போதாது.

நோயாளி இன்னும் சாகவில்லை. குட்டு உடைந்தபின், எங்கள் குடும்பத்தில் அவர் இப்போது எல்லாருக்கும் சொந்தம். கலியாண வீட்டில் யாராவது ஒருவர் "நோயாளி எப்பிடி?" என்று கேட்பார், இன்னொருவர் "கால் பறவாயில்லை" என்பார், பந்தி முழுக்கச் சிரிக்கும். அவருடைய கொப்பி நாலாவது கொப்பியாக நடக்கிறது.

போன மாதமும் எனக்கு ஒரு நாள் லீவு கிடைத்தது. சுகந்தி அடுப்பு மூட்டிய சிறிது நேரத்தில் தொலைபேசி அடித்தது. பெரியம்மா.

"தம்பி, இண்டைக்கு நோயாளியைப் பாக்கப் போறியளோ?"

"ஓம் பெரியம்மா. வெளிக்கிடப்போறம்."

"இவருக்கும் விடியத்தொட்டு காலிலை ஒரு மாதிரியாய் இருக்காம். ஓட்டோ ஒண்டு பிடிச்சு இவரையும் ஏத்திக்கொண்டு போங்கோ" என்றார். பிறகு, "திரும்பி வரேக்கை கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவிப்போட்டு வரச்சொல்லு" என்றார்.