பெத்தணனின் தயிர்ச்சோறு

“ஏலே பெத்தணா, உன் ரத்தத்தை எனக்குக் குடுலே!”

கம்பெனி வேன் ஆமத்தூரைத் தாண்டும்போது சங்கிலிமுத்து இப்படிக் காதைக் கடித்ததும் பெத்தணன் மிரண்டுபோனான்.

“என்னண்ணே, ஆபரேசனா?”

“மெதுவாப் பேசுலே. இன்னைக்கு நம்ம கம்பெனியில மெடிக்கல் கேம்ப்புல்லா? ஊசி குத்துறப்ப நீ என் பேரைச் சொல்லு, நான் உன் பேரைச் சொல்லுதேன். அம்புட்டுத்தான்.”

பட்டாசுக் கம்பெனியில் ராக்கெட் பிரிவுக்குப் போர்மேன் சங்கிலிமுத்து. போன கேம்ப்பில் அவருக்குக் கொலஸ்ட்ரால் தாறுமாறாக ஏறியிருந்தது. அன்றே மனைவி வேலுத்தாய் எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்த்துவிட்டாள். பொரித்த பரோட்டா போச்சு, சாயங்கால வடை போச்சு. வேளைக்கு வேளை ஆடை எடுத்த தயிரும் மோரும்தான்.

“இந்தத் தடவை இறங்கியிருந்தா ஞாயித்துக்கிழமை கறிக்குழம்பு உண்டு. இல்லைன்னா இந்த வீட்டுல இனிமே கறி வாசமே கிடையாது” என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

கறிக்குழம்பு இல்லாத ஞாயிறும் ஒரு ஞாயிறா? மாதக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த மனிதர், நேற்று சாயங்காலம் விருதுநகரில் பரோட்டாக் கடை வாசனையில் தடுமாறிவிட்டார். நான்கு பரோட்டா, சால்னாவோடு. குடித்த மோரெல்லாம் வீணாகிவிட்டதே என்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

அவருக்குத் தெரிந்த ஒரே சுத்த ரத்தம் பெத்தணனுடையது. ராக்கெட்டில் கட்டும் குச்சிக்கும் அவனுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. மதியம் தயிர்ச்சோறு மட்டும். காலையில் சோற்றைக் குழைத்து, பால் ஊற்றி, சொட்டு உறைமோர் விட்டுக் கொண்டுவருவான். மதியம் திறந்தால் புளிப்பே இல்லாமல் அப்போதுதான் உறைந்தது போலிருக்கும். சுற்றி இருப்பவர்கள் கோழிக்காலைக் கடித்தாலும் அவன் கண் அந்தப் பக்கம் போகாது. சங்கிலிமுத்து அந்தக் காட்சியைக் கும்பிடாத குறையாகப் பார்ப்பார்.

“சரிண்ணே” என்றான் பெத்தணன் உடனே. ஒரு கேள்வி இல்லை, ஒரு மறுப்பு இல்லை. என்ன மனசு! சங்கிலிமுத்து அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

கேம்ப்பில் நர்ஸம்மா நிமிர்ந்து பார்த்தாள். “பெத்தணனா? வயசு முப்பத்தஞ்சுங்கீக, மீசை இப்படி நரைச்சிருக்கு?”

“பட்டாசு மருந்துப்பொடி ஒட்டியிருக்கும்மா” என்றார் சங்கிலிமுத்து.

அடுத்த நாற்காலியில், ஐம்பத்துநான்கு என்று சொன்ன ‘சங்கிலிமுத்து’வை இன்னொரு நர்ஸ் வியந்துகொண்டிருந்தாள். “உடம்பை எம்புட்டு அழகா வச்சிருக்கீகய்யா!”

ஞாயிற்றுக்கிழமை காலை. முடிவு வரட்டும் என்றுகூடக் காத்திராமல் சங்கிலிமுத்து ஒரு கிலோ ஆட்டுக்கறியோடு வீட்டுக்கு வந்தார். வாசலில் போனும் கையுமாக வேலுத்தாய்.

“ரிசல்ட்டு வந்திருச்சு. முன்னைக்கு இப்ப இன்னும் ஏறிக் கிடக்கு!”

“மிசின்ல கோளாறு இருக்கும்டி.”

“அப்ப டாக்டரையே கேப்போம்” என்று அவள் அங்கேயே நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டாள். “வேளைக்கு வேளை தயிர் குடுத்தும் ஏறிக் கிடக்கே டாக்டர்?”

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். “தயிர் நல்லதுதாம்மா. ஆனா அது மட்டும் மாயம் பண்ணிராது. எண்ணெய்ப் பண்டத்தை விட்டுட்டு, அந்த இடத்துக்குத் தயிர் வந்தா பலன் தெரியும். உங்க வீட்டுக்காரர் பிரிவுலயே பெத்தணன்னு ஒருத்தர். எல்லாமே அளவா இருக்கு! அவரைப் பாத்துக் கத்துக்கச் சொல்லுங்க.”

‘அய்யோ, அது என் ரத்தம்!’ என்று கத்த வாய் திறந்தார் சங்கிலிமுத்து. கத்தினால் ஆள் மாறாட்டம் வெளியே வரும். அதன் பின்னாலேயே பரோட்டாவும் வரும். மூடிக்கொண்டார். ஒரு நாள் பரோட்டா கவிழ்த்துவிட முடியாதபடி வேலுத்தாயின் தயிர் வேலை செய்திருக்கிறது. அதை நம்பாமல் போனோமே!

“நாளையில இருந்து காலையில சூலக்கரை வரைக்கும் நடக்கீக” என்றாள் வேலுத்தாய். “இந்தக் கறியை அந்தப் பெத்தணன் வீட்டுல குடுத்துருங்க. அந்தத் தயிர்ச்சோத்துப் பக்குவத்தையும் அவன் பொண்டாட்டிகிட்டக் கேட்டுட்டு வாங்க.”

தன் கறியைத் தானே சுமந்துகொண்டு போனார். தெருமுனையிலேயே மசாலா வாசம் மூக்கைத் துளைத்தது. உள்ளே பெத்தணன் இலைக்கு முன்னால். இலை நிறைய ஆட்டுக்கறிக் குழம்பு. அவரைப் பார்த்ததும் அவன் தலை இலையோடு இலையாகக் குனிந்தது.

“வாங்கண்ணே!” என்றாள் அவன் மனைவி செல்லக்கனி, முகமெல்லாம் பூரிப்பாக.

“தாயி... இவன் எப்ப இருந்து இந்தத் தயிர்ச்சோத்துக்கு மாறுனான்?”

“போன வருசம் ஒரு டாக்டர் இவுகளுக்குக் கொலஸ்ட்ரால் எக்கச்சக்கமா இருக்குன்னு சொன்னாருல்லண்ணே, அன்னையில இருந்து கறியைக் கண்ணுல காட்டாம தயிர்ச்சோறே கட்டிக் குடுத்தேன், இப்பத்தான் எல்லாம் சரியாயிருச்சாமே!”