முனியாண்டி எல்லையை மூன்று சுற்று

எனக்கு ஒரு வியாதி உண்டு. வழி தெரியாத இடத்தில்தான் என் நடையில் வேகம் கூடும். யாரையாவது நிறுத்தி ‘இந்த ரோடு எங்கே போகுது?’ என்று கேட்பதைவிட, தாய்லாந்து எல்லைவரை போய்த் திரும்பி வருவது எனக்குச் சுலபம்.

இது தெரியாமல் எங்கள் தாமான் குடியிருப்புக்காரர்கள் என்னை ஞாயிற்றுக்கிழமை நடைப்பயணக் குழுவுக்குத் தலைவனாக்கினார்கள். முதல் நடை லூமுட் பக்கம், கடலோரமாக. பிரமாதமாக வழிநடத்தினேன். (ஒரு பக்கம் முழுக்கக் கடல் இருந்தால் யார்தான் தொலைந்துபோக முடியும்?) அந்தத் தெம்பில் அடுத்த மாதத்துக்குச் செமோருக்கு உள்ளே இருக்கும் ஒரு மலையை அறிவித்தேன்.

“நான் பொறந்த தோட்டம்லா அது. கண்ணக் கட்டி விட்டாலும் ஏறுவேன்.”

இதற்கிடையில் கவிதா. ஜெலாப்பாங்கில் என் ஆபீஸில்தான் அவளும் வேலை பார்த்தாள். எங்கள் விஷயம் பாகான் செராயில் இருக்கும் அவள் வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. அவள் அப்பா கோயில் கமிட்டித் தலைவர். சிரிப்பதற்குக்கூடக் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றுகிற ரகம். “கடையில உக்காந்து தே தாரேக் குடிச்சா எல்லாரும் நல்லவன்தான். மலைக்குக் கூட்டிட்டுப் போகட்டும், பாக்குறேன்” என்று சொல்லிவிட்டாராம். அவர் தலையசைத்தால் கல்யாணம். இல்லையென்றால், சுங்கைப்பட்டாணியில் வேறொரு மாப்பிள்ளை தயாராக இருந்தான்.

நடை நாளன்று காலை, கவிதா வீட்டாரும் வந்து சேர, எல்லோரையும் மூன்று கூட்டமாகப் பிரித்தேன். முட்டிவலிக்காரர்கள் அடிவாரத்துக்கு முன்னாலிருக்கும் முனியாண்டி கோயில்வரை. சுமாராக நடப்பவர்கள் ஓடைவரை. தெம்புள்ளவர்கள் உச்சிவரை. கவிதாவின் அம்மா முட்டியில் பட்டை கட்டியிருந்ததால், கோயில் வாசலில் மடக்கு நாற்காலி போட்டு, நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களுக்குக் காவலாக உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் என் பின்னால் வந்தார்கள்.

ரப்பர் மரங்களை வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டுவிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் செம்பனைகள், சீருடை போட்ட பள்ளிப் பிள்ளைகள் மாதிரி எல்லாம் ஒரே ஜாடையில் நிற்கும் என்பது உள்ளே போன பிறகுதான் உறைத்தது. லயத்து வீடுகள் இல்லை. ரப்பர் பால் கொட்டகை இல்லை. என் நடையில் வேகம் கூடியது.

கவிதா போனில் மேப்பைத் திறந்துகொண்டு பக்கத்தில் வந்தாள். “வழி தெரியலன்னு சொல்லிடுங்களேன்.”

“எனக்கா? சும்மா வாலா.”

வெகுநேரம் நடந்தோம். கடைசியில் மரங்களுக்கு நடுவே ஒரு சிவப்புக் கூரை தெரிந்தது. அதன் கீழே மடக்கு நாற்காலியும் தெரிந்தது.

“என்னாங்க, அதுக்குள்ள மலை ஏறிட்டீங்களா?” என்றார் கவிதாவின் அம்மா.

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். கவிதாவின் அப்பா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். கால்தான் வழி தவறியிருந்தது. வாய் தவறவில்லை.

“இல்ல ஆண்ட்டி. இங்க ஒரு வழக்கம் இருக்கு. மலை ஏறுறதுக்கு முன்னுக்கு முனியாண்டி காவல் எல்லைய மூணு சுத்து வரணும். ஒண்ணு முடிஞ்சிருச்சு.”

கவிதா வானத்தைப் பார்த்தாள். அவள் அப்பா யோசித்தார்.

“நல்ல வழக்கம் தம்பி. ஆனா நாம இடமால்ல சுத்தி வந்தோம்? சாமிய வலமாத்தானே சுத்தணும்? இது கணக்குல வராது. மொதல்லேருந்து வருவோம். எல்லாரும் சப்பாத்தக் கழட்டுங்க.”

“முள்ளு இருக்கு அங்கிள்! இங்க சப்பாத்து போட்டுக்கலாம், முனியாண்டி ஒண்ணும் சொல்ல மாட்டாரு” என்று சாமி சார்பில் நானே உத்தரவு கொடுத்தேன்.

“சாமி காரியம்னா நானும் வாரேன்” என்று ஆண்ட்டி நாற்காலியை மடக்கினார்.

வழி தவறுவது சுலபம். தவறிய வழியிலேயே மறுபடியும் தவறுவது, அதுவும் தலைகீழாகத் தவறுவது, சாமானியர்களால் ஆகிற காரியமில்லை. உயிரைக் கொடுத்து முயன்றேன். ஒரு வளைவு திரும்பினால், எதிரே மலை! காலையிலிருந்து நான் தேடிய மலைப்பாதை அறிவிப்புப் பலகை, சாவகாசமாக நின்றுகொண்டிருந்தது.

“வந்துருச்சு!” என்று என்னை மறந்து கத்திவிட்டேன்.

“சுத்து முடியாம எப்படித் தம்பி ஏறுறது?” என்றார் அங்கிள்.

தேடிய மலைக்கு முதுகைக் காட்டிவிட்டுத் திரும்பினேன். அதன் பிறகு போனும் கையுமாகக் கவிதா முன்னால் நடந்தாள். நான் கடைசியில், என் தோளில் ஆண்ட்டியின் கை, என் காதில் ஆண்ட்டியின் முட்டியின் முழு வரலாறு.

மூன்றாவது சுற்று முடியவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. மலையில் ஒருவர்கூடக் கால் வைக்கவில்லை. உச்சிக்காரரும் முட்டிவலிக்காரரும் ஒரே கூரைக்குக் கீழே நெருக்கியடித்து நாசி லெமாக் தின்றார்கள். எல்லோருக்கும் ஒரே கொண்டாட்டம். எனக்கு மட்டும் சம்பல் இறங்கவில்லை. அங்கிள் வாழையிலையை மடித்தார், கை கழுவினார், என் பக்கம் திரும்பினார்.

“அடுத்த வாரம் அம்மா அப்பாவோட வீட்டுக்கு வாங்க தம்பி.”

என் பக்தி அவரைக் கவிழ்த்துவிட்டது என்றே நம்பினேன். அந்தச் சுற்றும் எங்கள் குழுவில் நிலைத்துவிட்டது. இன்றைக்கும் செமோர் போனால் மூன்று சுற்று உண்டு. “வெள்ளக்காரன் காலத்து வழக்கம்” என்று புதியவர்களுக்கு விளக்குவது என் மாமனார்தான், முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லாமல்.

அவருக்கு உண்மை தெரியாதா என்கிறீர்களா? எங்கள் கல்யாணத்தன்று, கவிதாவின் விரலைப் பிடித்துக்கொண்டு மணவறையை வலம்வர எழுந்தேன். முதல் அடி வைப்பதற்குள் மண்டபத்துக்கே கேட்கும்படி மாமனார் குரல் கொடுத்தார்:

“மாப்ள, இங்கயும் மூணு சுத்துதான். கவிதா முன்னுக்குப் போகட்டும்.”