மிளகு பாயின் சத்தமான ரகசியங்கள்

தன் வியாபார ரகசியங்களைத் தெருவுக்கே கேட்கும்படி ஒலிபரப்பியும் நஷ்டப்படாத ஒரே வியாபாரி, புனே நகரத்தில் எங்கள் கோந்த்வா மிளகு பாய்தான். அவருடைய இயற்பெயர் அவர் மனைவிக்காவது நினைவிருக்குமா என்பது சந்தேகம். தென்காசிப் பக்கத்துக்காரர். மசாலா சாமான் வியாபாரம், மொத்தமும் சில்லறையும். நடுவயதில் பார்வை போய்விட்டது. அதைப் பற்றி அவர் புலம்பி நான் கேட்டதில்லை. அப்போது கடைக்கு வரும் செய்திகளை வாசித்துக் காட்டிய மச்சானைப் பற்றித்தான் புலம்புவார்.

"பத்து வரி வந்தா ரெண்டு வரி வாசிப்பான் தம்பி. மிச்சத்த அவனே முடிவு பண்ணிக்கிடுவான்."

மச்சான் இடத்துக்கு வந்து சேர்ந்தது ஸ்கிரீன் ரீடர். திரையில் இருப்பதைக் குரலாக வாசிக்கும் மென்பொருள். எந்தெந்த நாட்டிலோ இருப்பவர்கள் சேர்ந்து எழுதி, எடுத்துக்கொள், வேண்டுமானால் திருத்திக்கொள் என்று இலவசமாக விட்டிருக்கிறார்கள். அது பழகிய கையோடு பாய் மானிட்டரை விற்றுவிட்டு அந்த இடத்தில் தராசை வைத்தார். புதிதாக வருகிறவர்கள், இவர் கம்ப்யூட்டரில் மிளகு நிறுக்கிறார் என்று மரியாதையோடு பார்ப்பார்கள்.

ஹெட்போன் அவருக்கு ஆகாது. வெக்கை. அதனால் எல்லாம் ஸ்பீக்கரில்தான், அதுவும் கடுகு பொரிகிற வேகத்தில். எதிர்க்கடைக்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே பாயின் கொள்முதல் விலை முழுவதையும் காதாரக் கேட்பார். ஒரு எழுத்தும் புரியாது.

மும்பைப் பக்கம் வாஷிச் சந்தையின் மொத்த வியாபாரி ஒருவர் விலைப் பட்டியலைப் படம் பிடித்து அனுப்பும் பழக்கம் உள்ளவர். கம்ப்யூட்டர் பெட்டி "படம்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். எழுத்தாக அனுப்பும்படி பாய் மூன்று முறை சொல்லிப் பார்த்தார். நான்காம் முறை, கடைக் கூரையை ஒரு போட்டோ எடுத்து அனுப்பினார். அந்த மனிதர் பதறிப்போய் போன் செய்தார்.

"என்ன பாய் இது, ஒண்ணுமே தெரியலையே?"

"உங்க பட்டியலும் எனக்கு அப்படித்தான் தெரியுது."

அன்று முதல் அவர் தட்டச்சு செய்கிறார்.

இப்படிக் கவலையில்லாமல் ஒலிபரப்பிக்கொண்டிருந்த கடைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்வி வந்தாள். ஏரவாடாவில் அம்மா நடத்தும் டிபன் கடைக்குக் கிராம்பு வாங்க வந்த பெண். கையில் வெள்ளைக் கோல். அந்த நேரம் ஒரு ஓட்டல்காரர் ஐந்து கிலோ ஏலக்காய்க்குப் பேரம் முடித்துப் பையை எடுத்துக்கொண்டிருந்தார். பெட்டி ஏதோ பொரிந்து தள்ளியது. செல்வி சும்மா இருக்காமல், "அரே பாய், அடுத்த வாரம் ஏலக்காய் விலை இறங்குதாமே! இவரு இப்ப எதுக்கு அஞ்சு கிலோ வாங்குறாரு?" என்றாள்.

ஓட்டல்காரர் பையை இறக்கி வைத்துவிட்டு நழுவினார். எதிர்க்கடைக்காரர் டீயைக் குடிக்க மறந்தார். நான் பாயின் முகத்தைப் பார்த்தேன். போன வியாபாரத்துக்கு அழ வேண்டிய மனிதர், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, ஒனக்கு இது புரியுதா?"

"புரியாம? நான் இன்னும் வேகமா வெச்சுக் கேப்பேன்."

"கூட்டிக் காட்டு பாப்போம்!"

கூட்டினாள். அவர் இன்னும் கூட்டினார். கடைசியில் பெட்டியிலிருந்து வந்தது வெறும் ரீங்காரம். திடீரென்று இருவரும் ஒரே நொடியில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என்னவென்று கேட்டதற்கு, எதிர்க்கடைக்காரர் வாங்கின மட்ட மஞ்சளைப் பற்றி வாஷிக்காரர் எழுதியிருக்கிறார் என்றார்கள். எதிர்க்கடைக்காரர் ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"நாளைக்கே இங்க வேலைக்கு வந்துரு. என் ரகசியம் தெரிஞ்ச ஆள வெளிய விட்டா எனக்குத்தான் ஆபத்து" என்றார் பாய்.

"முடியாது பாய். ஹிஞ்சேவாடியில ஒரு கம்பெனி வர வியாழக்கிழமை கூப்டிருக்கு." அவள் குரல் இறங்கியது. பி.காம் முடித்து, கம்ப்யூட்டர் படித்து, ஏறிய அலுவலகமெல்லாம் அவளைத் திருப்பி அனுப்பியிருந்தது. இந்தக் கம்பெனி மட்டும், எங்கள் பில்லிங் மென்பொருளை ஓட்டிக் காட்டினால் வேலை என்று சொல்லி, பழகிப் பார்க்க ஒரு பிரதியும் கொடுத்திருந்தது. ஆனால் அதில் எந்தப் பொத்தானுக்கும் பெயர் எழுதப்படவில்லை. ஸ்கிரீன் ரீடர் "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டும் சொல்லுமாம். எது சேமிப்பது, எது அழிப்பது என்று தெரியாமல் எப்படி ஓட்டிக் காட்டுவது?

பாய் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க கம்ப்யூட்டர் கம்பெனியிலதான இருக்கிய? சும்மாவா நிக்கிய?"

அன்று மாலையே மிளகு மூட்டைகளுக்கு நடுவில் வேலை தொடங்கியது. நான் என் மடிக்கணினியில் ஒவ்வொரு பொத்தானையும் பார்த்து என்னவென்று சொல்வேன். செல்வி அதற்கெல்லாம் பெயர் கொடுக்கும்படி, ஸ்கிரீன் ரீடரோடு சேர்கிற சின்ன இணைப்பு நிரலை எழுதுவாள். பாய் இருவரையும் அதட்டுவார். செவ்வாய்க்கிழமை நிரல் முரண்டு பிடித்தது. ஸ்கிரீன் ரீடர் எழுதுகிறவர்களின் குழுவுக்குச் செல்வி மடல் போட்டாள். முன்பின் தெரியாத ஒருவர், மறுநாளே பிழையைத் திருத்தி அனுப்பினார்.

பாய்க்குச் சந்தேகம். "காசு வாங்காம வேல பாக்கானா? அட்ரஸ் கேளும்மா, ஒரு கிலோ ஏலக்காய் அனுப்புவோம்."

ஏலக்காய் வேண்டாம், உங்கள் நிரலை மற்றவர்களும் எடுத்துக்கொள்ளும்படி பொதுவில் வையுங்கள், அது போதும் என்று பதில் வந்தது. ஏலக்காய் அள்ள எடுத்த பையைப் பாய் மடித்து வைத்தார். பிறகு, "நம்ம சரக்கையும் போட்டுரும்மா. எங்கயோ ஒரு பிள்ளைக்கு ஆகும்" என்றார்.

வியாழக்கிழமை பாய் கடையைப் பூட்டிவிட்டு எங்களோடு வண்டியில் ஏறினார். ஹிஞ்சேவாடி நெரிசலை வழி நெடுகத் திட்டினார். செல்வி உள்ளே போனதும் வாசலுக்கு எதிரே டீ வாங்கி, அதை ஆறவிட்டுக் கையிலேயே வைத்திருந்தார். கோல் தட்டும் சத்தம் எனக்கு முன்பே அவருக்குக் கேட்டது. எழுந்து நின்றார்.

"கிடைச்சிருச்சு பாய்!"

"போச்சு. நல்ல ஆள் கைய விட்டுப் போயிட்டா" என்றார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை.

இப்போது அவள் கம்பெனி வண்டியில் போய் வருகிறாள். வீடு சேர்ந்துவிட்டேன் என்று அவளிடமிருந்து செய்தி வரும்வரை பாய் ஷட்டரை இறக்குவதில்லை. கேட்டால், வியாபார நேரம் தம்பி என்பார். அந்த நேரத்தில் எங்கள் தெருவில் ஒரு ஈ காக்கை நடமாடாது. அவர் சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்று தினமும் நான் போய் நூறு கிராம் சீரகம் வாங்கி வருகிறேன். வீட்டில் வைக்க இடமில்லை.