இரண்டு பட்டியலிலும் இல்லாதவர்

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே வீட்டில் எல்லோரும் நலம். அங்கே நீங்களும் அக்காவும் அக்காவின் முழங்காலும் நலம்தானே.

நம் ஆசிரியர் சங்கத்தின் மாவட்டத் தலைவர் என்ற முறையில் நீங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. ‘புதிய உறுப்பினர் சேர்க்கையில் தங்கள் கிளையின் செயல்பாடு கவலையளிக்கிறது’ என்று எழுதி, அதே பேனாவில் கீழே ‘அக்கா மாத்திரை கேட்டாள், வரும்போது வாங்கி வா’ என்றும் எழுதியிருந்தீர்கள். மாத்திரை வாங்கி வைத்துவிட்டேன். மற்றதற்குத்தான் இந்த விளக்கம்.

இந்த ஆண்டு முதல் ஒவ்வொரு பள்ளியிலும் எந்தச் சங்கத்தில் ஆள் அதிகமோ அந்தச் சங்கத்தைத்தான் கல்வி அலுவலகத்தில் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் பள்ளியில் நாம் பத்துப் பேர், அவர்கள் பதினோரு பேர் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எதிர்ச் சங்கத்தின் செயலாளரான பௌதிக ஆசிரியரோ (மைக் வேண்டாத தொண்டை, பிள்ளைகள் வைத்த பெயர் ஒலிபெருக்கி) தங்கள் சங்கம் பத்து, நம் சங்கம் பதினொன்று என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். இப்படி இருவருமே தோற்றுக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஆங்கிலத்துக்குப் புதிதாக ஒரு டீச்சர் வந்து சேர்ந்தார். அவர் கைப்பையை மேசைமேல் வைப்பதற்குள் நான் நாற்காலியைத் துடைத்துவிட்டேன். ஒலிபெருக்கி அதைவிட நல்ல நாற்காலி ஒன்றைத் தலைமையாசிரியை அறையிலிருந்தே தூக்கிவந்தார். நான் டீச்சருடைய பணிப்பதிவேட்டுப் படிவங்களை நிரப்பிக் கொடுத்தேன், ஒலிபெருக்கி அதில் இரண்டு பிழை கண்டுபிடித்துத் திருத்திக் கொடுத்தார். நான் எட்டாம் வகுப்பின் கடைசிப் பாடவேளையை அந்த டீச்சரிடமிருந்து வாங்கி என் தலையில் போட்டுக்கொண்டேன், அவர் ஒன்பதாம் வகுப்பை வாங்கிக்கொண்டார். மூன்றாவது வாரம் அந்த டீச்சர் ஓய்வாக உட்கார்ந்திருக்க, நாங்கள் இருவரும் தொண்டை கட்டிப்போய்த் திரிந்தோம்.

கடைசியில் டீச்சரே இரங்கி, “ரெண்டு பேரும் உங்க உறுப்பினர் பட்டியலைக் குடுங்க, பாத்துட்டுச் சொல்றேன்” என்றார். கொடுத்தோம். பத்து நிமிடம் அருகருகே வைத்துப் படித்தார். பிறகு நிமிர்ந்து, “டிராயிங் சார் பேர் ரெண்டுலயும் இல்லையே” என்றார்.

ஓவிய ஆசிரியரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையில் இருபது வருடமாக இருக்கிறார். இன்னும் நான்கு மாதத்தில் ஓய்வு. நான் ஒலிபெருக்கியைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார்.

“அவர் உங்க ஆள் இல்லையா?” என்றேன்.

“உங்க ஆள்னுல்ல நான் நெனச்சிட்டிருந்தேன்.”

அந்த டீச்சர் இரண்டு பட்டியலையும் மடித்து எங்களிடமே கொடுத்துவிட்டு, “முதல்ல அவரைக் கேளுங்க. அவருக்கு அப்புறம் நான்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று மதியம் முழுக்க எனக்குக் கணக்கே வரவில்லை அத்தான், கரும்பலகையில் போட்டதைப் பிள்ளைகள் மூன்று முறை திருத்தினார்கள். ஒன்று ஒன்றாக ஞாபகம் வந்துகொண்டிருந்தது. ஓவிய ஆசிரியரின் மனைவி நெடுநாள் படுக்கையில் இருந்தார், நாலு மணி நேரப் பயணத் தொலைவில், பிறந்த வீட்டில். அந்தப் பக்கம் மாற்றல் கேட்டு மூன்று முறை எழுதிப்போட்டார், மூன்று முறையும் வரவில்லை. எதிர்ச் சங்கம் பார்த்துக்கொள்ளும் என்று நாம் இருந்தோம், நாம் பார்த்துக்கொள்வோம் என்று அவர்கள் இருந்திருக்கிறார்கள். வெள்ளி மாலை பஸ் ஏறுவார், திங்கள் காலை கசங்கிய சட்டையோடு நேராக வகுப்புக்கு வருவார். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அந்த அம்மாள் இறந்தபோது, எதிர்ச் சங்கத்து மாலையைத் தாண்டி நம் மாலை பெரிதாகத் தெரிய வேண்டாமே என்று நாகரிகம் பார்த்து நாம் மாலை வாங்கவில்லை. அவர்களும் அதே நாகரிகம் பார்த்திருக்கிறார்கள்.

மறுநாள் நாங்கள் இருவரும் சேர்ந்தே போனோம். தனியாகப் போக இருவருக்குமே தைரியம் இல்லை. அவர் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். இரண்டு முக்காலிகளில் இருந்த வண்ணத் தட்டுகளை எடுத்துவிட்டு உட்காரச் சொன்னார்.

“ரெண்டு பேரும் ஒண்ணா இந்த ரூமுக்கு வந்தது இன்னைக்குத்தான்” என்றார்.

ஒலிபெருக்கி, வாழ்நாளில் முதல் தடவையாக மெதுவான குரலில், “எங்க சங்கத்துல சேந்துக்கங்க சார். உங்க உரிமைக்காகப் போராடுவோம்” என்றார்.

“நாலு மாசம் இருக்கு சார். எதுக்காகப் போராடுவீங்க?”

அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார் அத்தான். குத்தலாகக் கேட்டிருந்தால் எங்களிடம் பதில் இருந்திருக்கும். எனக்குப் பொறுக்கவில்லை. “நீங்க ஒரு வார்த்தை எங்ககிட்ட கேட்டிருக்கலாமே சார்” என்றேன்.

அவர் குழாயை மூடிவிட்டு என்னையே சற்று நேரம் பார்த்தார். பிறகு ஒலிபெருக்கியைப் பார்த்தார். “கேட்டிருக்கலாம்” என்றார். “விடுங்க சார். நான் இப்படியே போயிடறேன். புதுசா வந்திருக்கிற அந்த டீச்சர் பொண்ண மட்டும் ரெண்டு பேரும் சேந்து நல்லாப் பாத்துக்கங்க.”

அன்று மாலை பஸ் நிறுத்தத்தில் நானும் ஒலிபெருக்கியும் மூன்று பஸ்களை விட்டுவிட்டு நின்றோம். அவர் ஒரே ஒரு முறை, “இருபது வருஷம்யா” என்றார். இருபது வருடமாக எந்தக் கூட்டத்திலும் அவருடன் ஒத்துப்போகாத நான், “ஆமா” என்றேன்.

ஆக அத்தான், புதிய டீச்சரும் சேரவில்லை, பழைய ஆசிரியரும் சேரவில்லை. பத்துக்குப் பத்து. பேச்சுவார்த்தைக்கு எங்கள் பள்ளியிலிருந்து யாரைக் கூப்பிடுவது என்று கல்வி அலுவலகம் தலையைப் பிய்த்துக்கொள்ளும். ஆனால் கிளைச் செயலாளர் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன், இதில் எங்கள்மீது மட்டும் பழி போடுவது நியாயமில்லை. பாதித் தவறு ஓவிய ஆசிரியருடையது. வாயைத் திறந்து ஒரு முறையாவது கேட்டிருந்தால் நான் ஓடிப்போய் நின்றிருப்பேன். அந்த வகையில் என் மனசாட்சி சுத்தம், இதை மாவட்டக் கூட்டத்திலும் நீங்கள் படித்துக் காட்டலாம்.

அக்காவைப் படிக்கட்டு ஏற வேண்டாம் என்று சொல்லவும். பெரியவர்கள் உங்கள் இருவரின் ஆசியும் எங்களுக்கு எப்போதும் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள மைத்துனனும் கிளைச் செயலாளரும்

பின்குறிப்பு: இதோடு வைத்து அனுப்ப உறுப்பினர் பட்டியலின் நகலைத் தேடி அலமாரியின் அடித்தட்டைக் குடைந்தேன். பதினான்கு வருடத்துக்கு முந்தைய மாநாட்டுக் கோப்புக்குள் நம் சேர்க்கைப் படிவம் ஒன்று செருகிக் கிடந்தது. பாடம்: ஓவியம். சேரும் காரணம் என்ற இடத்தில், ‘மனைவிக்கு உடல்நிலை சரியில்லை. மாற்றலுக்குச் சங்கம் உதவ வேண்டும்’ என்று அச்சடித்தது போன்ற எழுத்தில் எழுதியிருக்கிறார். கீழே ‘பெற்றுக்கொண்டேன்’ என்று போட்டிருப்பது என் கையெழுத்து. வாங்கிய ஞாபகம்கூட எனக்கு இல்லை. அன்று அவர் ஒலிபெருக்கியைப் பார்த்துவிட்டு, இதைச் சொல்லாமல் ‘கேட்டிருக்கலாம்’ என்று மட்டும் சொன்னது ஏன் என்று இப்போது புரிகிறது. நம் விதிப்படி, செயலாளர் படிவத்தைப் பெற்றுக்கொண்ட நாளிலிருந்தே ஒருவர் உறுப்பினர். ஆகவே நாம் பதினொன்று, அவர்கள் பத்து. ஜெயித்துவிட்டோம் அத்தான். இதை அவரிடம் போய் எப்படிச் சொல்வது என்று மட்டும், மாவட்டத் தலைவர் என்ற முறையில், தாங்கள் வழிகாட்ட வேண்டும்.