பத்துப் பக்கத்துக்கு முழுப்பேர்

வக்கீலாகிவிடுவது என்று 1969ஆம் ஆண்டு தை மாதம் முடிவெடுத்தேன். நாட்டுக்கு நியாயம் வாங்கிக் கொடுக்க அல்ல. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் என் மனைவி ஜெயலெட்சுமியிடம் ஒரு வாக்குவாதத்திலாவது நான் ஜெயித்ததில்லை. ஒன்றே ஒன்று ஜெயித்தால் போதும், அப்புறம் ஜட்ஜ் வேலை கொடுத்தாலும் வேண்டாம்.

இலங்கையில், பதுளைப் பக்கம் ஸ்பிரிங்வெளிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளை. காலை ஆறு மணிக்குப் பெரட்டுக் களத்தில் ஆள் பிரித்து மலைக்கு அனுப்புவதில் தொடங்கி, சாயங்காலம் கொழுந்து நிறுத்துப் பேர் போடுவது வரை என் தலையில். பதினெட்டு றாத்தல் இருந்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். மழை நாளில் கொஞ்சம் குறைந்தாலும் பார்த்துப் போடலாம் என்று தோட்டத்துரை விட்டிருந்தார். நான் பார்ப்பதில்லை.

இதற்கு நடுவில்தான் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குப் படிக்க வேண்டும். பதுளையில் ஒரு புரொக்டர் வக்கீலிடம் தலையணை மாதிரிப் புத்தகம் ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். ஒரு வாரம் அதைத் தலையணையாகவே பயன்படுத்தினேன். ஜெயலெட்சுமி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தெனம் பத்துப் பக்கம் படிங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி கேள்வி கேப்பேன். பத்தும் சொன்னா முழுப்பேர். நாலு ரொட்டி, கருவாட்டுக் கொழம்பு."

"கொறஞ்சா?"

"அரைப்பேர். ரெண்டு ரொட்டி. கொழம்புல வாசம் மட்டும்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

பசிக்குப் பயந்து நாலு நாள் ஒழுங்காகப் படித்தேன். ஐந்தாம் நாள் எட்டாம் பக்கத்தில் கண் சொருகிவிட்டது. தட்டில் இரண்டே ரொட்டி.

"நாள் பூரா மழையில மலை ஏறி எறங்கியிருக்கேன். ரெண்டு பக்கம்தானே கொறச்சல்?"

"மாரியாயியும் அதே மழையிலதான் கொழுந்தெடுத்தா. ரெண்டு றாத்தல்தானே கொறச்சல்? என்ன போட்டீங்க?"

"அரைப்பேர். அது ஒனக்கு எப்படித் தெரியும்?"

"பீலியில தண்ணி புடிக்கிறப்போ பேசிக்கிட்டாங்க."

"அது தோட்டத்துச் சட்டம்."

"இது அடுப்படிச் சட்டம். மலையில ஒரு நியாயம், வீட்டுல ஒரு நியாயம்னு ஒங்க புத்தகத்துல போட்டிருக்கா?"

அந்தப் பக்கத்துக்கு நான் இன்னும் வரவில்லை. வெறும் ரொட்டியை மென்றுகொண்டே புரட்டினேன். கண்டுபிடித்துவிட்டேன். முன்னால் ஒரு வழக்கில் கொடுத்த தீர்ப்பு, அதே மாதிரி அடுத்து வரும் வழக்குக்கும் செல்லும்.

மறுநாளும் மழை. மாரியாயிக்கு மறுபடியும் பதினாறு றாத்தல்தான். கொட்டை எழுத்தில் முழுப்பேர் போட்டேன். எனக்குக் காய்ச்சலோ என்று அவள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து வேண்டுமென்றே எட்டுப் பக்கத்தோடு புத்தகத்தை மூடினேன்.

"மழையில பதினாறு றாத்தலுக்கு இன்னைக்கு முழுப்பேர் போட்டாச்சு. முன் தீர்ப்பு இருக்கு. எடு கொழம்ப."

"அது மாரியாயிக்கு மட்டுமா, எல்லாருக்குமா?"

"மழை பேஞ்சா எல்லாருக்கும்தான்." என் கண் சட்டியில் இருந்தது.

"வருஷம் பூரா?"

"வருஷம் பூரா. சத்தியமா."

சட்டியைத் திறந்தாள். "தோத்துட்டேங்க" என்றாள். நாலு ரொட்டி வந்தது, கேட்காமலே ஐந்தாவதும் வந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் தேர்வில் பாஸ் பண்ணினால்கூட வராது.

ஞாயிற்றுக்கிழமை காலை அடுப்படிக் கதவுப் பக்கம் குரல் கேட்டது. மாரியாயி ஒரு பூசணிக்காயோடு நின்றாள். கூட ரெங்கம்மா என்று இன்னொரு கொழுந்துக்காரி. நான் மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டு கம்பீரமாகப் போனேன்.

"எதுக்கு மாரியாயி இதெல்லாம்? நியாயத்தத்தானே செஞ்சேன்."

அவள் பூசணிக்காயை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"ஐயாவுக்கு இல்லீங்க, வக்கீலம்மாவுக்கு. மழை நாளு அரைப்பேரச் சொல்லிப் போன மாசமே அவங்ககிட்ட வந்து அழுதேன், ஜெயிச்சுக் குடுத்துட்டாங்க. நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் போனீங்கன்னா, ரெங்கம்மா அவ கேஸச் சொல்லுவா."